மூன்றாவது பெட்டியின் களிமண்

பொகோட்டா,
3 ஜூன் 1994

தம்பி எவாரிஸ்தோ,

கல்லறை அலுவலகத்திலிருந்து உனக்கும் நோட்டீஸ் வந்திருக்கும். அப்பாவைப் புதைத்து நான்கு வருடம் முடிந்துவிட்டது. குழியைக் காலி செய்து அடுத்தவருக்கு விட வேண்டும். எலும்புகளை எடுக்கும்போது வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டுமாம். பள்ளி விடுமுறை விடும்வரை என்னால் சமையலறையை விட்டு நகர முடியாது. நூற்றெண்பது பிள்ளைகளுக்குக் கன்னியாஸ்திரிகளா சூப் வைப்பார்கள்? நீ போய் நில்.

எடுத்ததும் நேராகக் கோயிலுக்குக் கொண்டுபோ. அம்மாவின் எலும்புப் பேழை இருக்கிற மாடத்துக்குப் பக்கத்து மாடத்தைப் பாதிரியாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். முப்பத்தொரு வருடம், ஞாயிறு தவறாமல், அடுப்பை அணைக்காமல் அந்த மனிதருக்காக உட்கார்ந்திருந்தாள் அம்மா. இனியாவது அவர் அவள் பக்கத்தில் கிடக்கட்டும்.

நீ என்ன சொல்லப்போகிறாய் என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் அவர் கேட்டது என் காதிலும்தான் விழுந்தது. "எலியோதோரோ மைதானத்துல, மூணாவது பெட்டிக் களிமண்ணுல என்னக் கலந்துடுங்க. ரெண்டு பேரும் சத்தியம் பண்ணுங்க" என்றார். நீ அழுதுகொண்டே தலையாட்டினாய். நான் "ஆகட்டும்" என்றேன். வாயை மூடிக்கொண்டு தூங்கட்டும் என்று சொன்ன ஆகட்டும் அது.

அந்த மைதானத்தை நீ தெஹோ வட்டு எறிகிறவன் கண்ணால் பார்க்கிறாய். நான் பார்த்தது வேறு. ஞாயிறு சாயங்காலம் அப்பாவைக் கூட்டிவர அம்மா என்னைத்தான் அனுப்புவாள். குடித்த ஆண்கள் களிமண் பெட்டியைப் பார்த்து இரும்பு வட்டை எறிவார்கள், நடு வளையத்தில் வைத்த வெடிப்பொட்டலம் வெடிக்கும், உடனே காட்டுக் கூச்சல். மூன்றாவது பெட்டிக்குப் பக்கத்திலேயே ஆண்கள் ஒதுங்குகிற மண்சுவர். கதவு கிடையாது, மறைப்பு கிடையாது. அதைத் தாண்டித்தான் அப்பாவிடம் போக வேண்டும். ஒருவன் நின்றபடியே திரும்பி, "காசிமிரோ மகளே, வாம்மா" என்று சிரித்தான். எனக்கு அப்போது பதினோரு வயது. அப்பாவும் கூடச் சிரித்தார். இன்றைக்கும் பீர் வாடை வந்தால் எனக்குக் குமட்டும்.

அந்தச் சேற்றில் அவரை வைக்க விடமாட்டேன். அவருடைய வட்டையும் மறுபடி கேட்காதே. அது என் பெட்டியில் இருக்கிறது, இருக்கும்.

தொலைபேசி நிலையத்தில் கூப்பிட்டுவிடாதே. வரிசையில் நிற்கிற ஊரே காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும். எழுதி பஸ் டிரைவர் பெலிசாரியோ கையில் கொடு.

ரோசெண்டா

---

சான் ரோக்கே,
12 ஜூன் 1994

அன்புள்ள அக்கா,

நோட்டீஸ் முன்பே வந்துவிட்டது. போன செவ்வாய்க்கிழமை போய் நின்றேன். மனதைத் திடப்படுத்திக்கொண்டுதான் போனேன். சவப்பெட்டியைத் திறந்தார்கள். எல்லாம் மக்கியிருந்தது, நைலான் காலுறை மட்டும் அப்படியே இருந்தது. நீங்கள் வாங்கித் தந்த சாம்பல் நிறக் காலுறை. குழிவெட்டி அதை உதறி, உள்ளே இருந்ததை வாளியில் கொட்டினான். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எலும்புகளைத் துன்ஹாவுக்குக் கொண்டுபோய் எரித்து வாங்கிவந்துவிட்டேன். கோபப்படாதீர்கள். மாடத்தில் வைத்தாலும் சாம்பலாக வைக்கலாம் என்று பாதிரியாரே சொன்னார். இப்போது அலமாரியில், என் ஞாயிற்றுக்கிழமைச் சட்டைகளுக்குக் கீழே இருக்கிறார். ஒரு காபி டப்பா அளவுதான் ஆகியிருக்கிறார் அக்கா.

வாடை, குடி, கூச்சல் என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வாரத்தில் ஆறு நாள் அடுத்தவன் உருளைக்கிழங்கு வயலில் குனிந்து கிடந்த மனிதர் அவர். நிமிர்ந்து நின்றது அங்கே மட்டும்தான். பத்தொன்பது மீட்டர் தூரத்திலிருந்து வளையத்துக்குள் வட்டை இறக்குவார். எட்டு ஊரில் அப்படி ஒரு கை கிடையாது. அவர் நம்மிடம் கேட்டதும் அந்த ஒன்றே ஒன்றுதான்.

நீங்கள் வரும்வரை தொடமாட்டேன். வாருங்கள், நேரில் பேசி முடிவு செய்வோம். அப்பாவின் வட்டையும் கொண்டுவாருங்கள். ஜூலையில் எல் பினார் ஊர் அணியோடு இறுதி ஆட்டம் இருக்கிறது. அந்த வட்டு கையில் இருந்தால் எனக்குத் தெம்பாக இருக்கும்.

உங்கள் தம்பி
எவாரிஸ்தோ

---

பொகோட்டா,
20 ஜூன் 1994

எவாரிஸ்தோ,

கேட்காமல் எரித்துவிட்டாய். சரி, ஆனது ஆகிவிட்டது.

ஜூலை பதினாறு, கார்மென் மாதா திருநாளுக்கு வருகிறேன். அதுவரை டப்பா அலமாரியில் இருக்கட்டும். தொடமாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாய். அந்த ஒரு வரியை நம்புகிறேன்.

வட்டைக் கொண்டுவரமாட்டேன்.

ரோசெண்டா

---

சான் ரோக்கே,
5 ஜூலை 1994

அன்புள்ள அக்கா,

இதை எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை, நேராகவே சொல்லிவிடுகிறேன். அப்பாவின் ஆசை நிறைவேறிவிட்டது.

நீங்கள் வருவதற்கு முன்பே செய்ததற்கு மன்னியுங்கள். நண்பர்கள் எல்லோரும் ஒன்றாக இருந்த நேரம் அமைந்தது. சனிக்கிழமை மத்தியானம் மூன்றாவது பெட்டிக்கு முன்னால் அணி முழுவதும் தொப்பியைக் கழற்றி நின்றது. நான் சாம்பலைக் களிமண்மேல் தூவினேன். ஆளுக்கு ஒரு வாய் பீர் அவருக்கென்று ஊற்றினோம். மைதானத்துக்காரர் எலியோதோரோ கிழவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். உபால்தினா அம்மாள் மைதானத்துச் சமையலறையிலிருந்து வந்து சிலுவை போட்டார். நீங்கள் பார்த்திருந்தால் உங்கள் மனமும் இளகியிருக்கும்.

மறுநாள் இறுதி ஆட்டம். ஜெயித்துவிட்டோம். கோப்பை இப்போது என் வீட்டில்தான் இருக்கிறது.

திருநாளுக்கு அவசியம் வாருங்கள். கோழி அடித்துக் குழம்பு வைக்கிறேன்.

எவாரிஸ்தோ

---

பொகோட்டா,
10 ஜூலை 1994

திரு. எவாரிஸ்தோ புலிதோ அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கோழிக்கு நன்றி. தாங்களே சாப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கடிதத்தைக் கொண்டுவந்த பெலிசாரியோ எங்கள் சமையலறை வாசலில் நின்று காபி குடித்தபடி என்னிடம் கேட்டான்: "ரோசெண்டாக்கா, உங்க ஊருல எல் பினார் கேப்டன் களிமண்ண எடுத்து நாக்குல வச்சுப் பாத்தானாமே? சாம்பக் கலந்திருக்குன்னு பெரிய கலாட்டாவாம். பெட்டி மண்ணையே தோண்டி எறிஞ்சுட்டாங்களாம். யாருக்கா அப்படிக் கலப்பான்?"

நான் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். யார் கலந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும்.

தொப்பியைக் கழற்றியதை எழுதினீர்கள். கிழவர் அழுததை எழுதினீர்கள். இதை ஏன் எழுதவில்லை? அந்த மண் எங்கே போனது? சனிக்கிழமைக்கு என்ன அவசரம்? இரண்டு வாரம் பொறுத்திருந்தால் நான் வந்திருப்பேனே.

உண்மையை எழுது. திருநாளுக்கு நான் வரவில்லை. உன் முகத்தைப் பார்த்தால் காறித் துப்பிவிடுவேன் என்று பயமாக இருக்கிறது.

ரோசெண்டா

---

சான் ரோக்கே,
23 ஜூலை 1994

அக்கா,

நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதைப் படிக்காமலே ஒட்டி அனுப்பப்போகிறேன்.

சனிக்கிழமை அவசரம் அப்பாவுக்காக இல்லை. எங்களுக்காக. வெள்ளிக்கிழமை பயிற்சி முடிந்து குடித்துக்கொண்டிருந்தபோது எங்கள் கேப்டன்தான் ஆரம்பித்தான். "உங்கப்பன் பெட்டிக்குள்ள இருந்தா நம்ம வட்டு தப்புமாடா? கிழவன் உள்ளேர்ந்து இழுத்துக்க மாட்டாரு?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை, நிஜமாகவே யோசித்தோம். எட்டு வருடமாக எல் பினாரிடம் தோற்கிறோம் அக்கா. நானும் சரி என்றேன். உங்களுக்குக் கொடுத்த வார்த்தை ஞாபகம் இருந்தது. இருந்தும் சரி என்றேன்.

களிமண்ணைப் பிசைந்து கலக்க வேண்டும் என்று உபால்தினா அம்மாள் சொன்னார். தினமும் அந்தப் பெட்டிகளுக்குத் தண்ணீர் விட்டு, மிதித்து, ஈரச் சாக்குப் போட்டு மூடுகிறவர் அவர்தான். "ரெண்டு நாள் ஊறணும்யா, சும்மா தூவினா மண்ணு செத்துப்போகும்" என்றார். நாங்கள் குடித்திருந்தோம். மேலாகத் தூவிப் பலகையால் தேய்த்துவிட்டோம்.

ஞாயிறு வெயில் ஏறியதும் மூன்றாவது பெட்டி உதிர ஆரம்பித்தது. யார் எறிந்தாலும் வட்டு ஒட்டவில்லை. பட்டதும் தெறித்துக் கீழே விழுந்தது, எங்களுடையதும்தான். எல் பினார் கேப்டன் வந்து மண்ணைக் கிள்ளி விரலால் தேய்த்துப் பார்த்தான். பிறகு நாக்கில் வைத்தான். சுண்ணாம்பு கலந்திருக்கிறதா என்று பார்க்க அப்படித்தான் செய்வார்கள். நான் மூன்றடி தூரத்தில் நின்றேன். அவன் நாக்கைச் சுழற்றி, துப்பி, சட்டைக் கையால் வாயைத் துடைத்தான். "சாம்பலு! யாருடா இதுல சாம்பலக் கலந்தது?" என்று கத்தினான்.

நடுவர் எங்களை வரிசையாக நிற்கவைத்துக் கேட்டார். கலந்தது நாங்கள் என்று தெரிந்தால் கோப்பையும் போய்விடும், ஒரு வருடம் ஆடவும் விடமாட்டார்கள். கேப்டன் என் காலை மிதித்தான். எலியோதோரோ கிழவர், "அடுப்புச் சாம்பலு பறந்து விழுந்திருக்கும் சாமி" என்று சத்தியம் செய்தார். நடுவர் என்னைப் பார்த்து, "உனக்கு ஏதாச்சும் தெரியுமா?" என்றார்.

"தெரியாதுங்க" என்றேன்.

பெட்டியைக் காலி செய்யச் சொன்னார். தள்ளுவண்டியில் மூன்று நடை. மூன்றாவது நடையை நானே தள்ளினேன் அக்கா. பிறகு ஒன்றாவது பெட்டியில் ஆட்டம் தொடர்ந்தது. ஜெயித்தோம். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். நான் சிரித்தேன்.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. மண்ணைச் சுவருக்குப் பின்னால் கொட்டியிருந்தார்கள். நாலு நாள் கழித்து யாரும் இல்லாத நேரம் போய் அள்ளிக்கொண்டு வரலாம் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் நினைக்காமல் இருக்கத்தான் பார்த்தேன். போன ஞாயிறு அந்தச் சுவர் முன்னால் ஒதுங்க நின்றேன். நீங்கள் சொன்ன அதே சுவர். கீழ்ப்பாதியில் புதுப் பூச்சு. போன வாரமும் அதை நனைத்துவிட்டுத்தான் போனேன், அப்போது கண்ணில் படவில்லை. இந்தத் தடவை உற்றுப் பார்த்தேன், களிமண்ணில் வெள்ளை வெள்ளையாகப் பொடி.

எலியோதோரோவிடம் ஓடினேன். "ஆமாய்யா, சொவரு கரைஞ்சு போயிருந்துச்சு. நல்ல களிமண்ணு, எதுக்கு வீணாக்கணும்னு வக்கோலு போட்டுப் பிசைஞ்சு அடைச்சுட்டேன்" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார். மறுநாள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை. இடித்தால் ஊர் ஏன் என்று கேட்கும். கேட்டால் கோப்பை விஷயம் வெளியே வரும்.

இரண்டு ஞாயிறு நான் அப்பாமேல் மூத்திரம் பெய்திருக்கிறேன். எழுதிவிட்டேன். என் கையைப் பார்த்தாலே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. என்ன செய்யட்டும், சொல்லுங்கள்.

எவாரிஸ்தோ

---

பொகோட்டா,
11 ஆகஸ்ட் 1994

எவாரிஸ்தோ,

என்ன செய்யட்டும் என்று கேட்டிருந்தாய். இரண்டு வாரம் உன்னிடமிருந்து வேறு செய்தி வருமா என்று பார்த்தேன். "இடித்துவிட்டேன் அக்கா" என்று இரண்டு வார்த்தை. வரவில்லை.

போன ஞாயிறு நீங்கள் எல்லோரும் ராமிரோ பண்ணைக்கு ஆடப் போயிருந்தீர்கள் என்று கேள்வி. அன்றைக்கு நான் சான் ரோக்கேயில் இருந்தேன். பெலிசாரியோ மைதானத்து வாசலிலேயே இறக்கிவிட்டான். இருபத்தாறு வருடம் கழித்து அந்த வாசலில் கால் வைத்தேன். வாடை அப்படியே இருக்கிறது. அதற்கு மட்டும் வயதே ஆகாது போலிருக்கிறது.

சுவர் முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். "தள்ளுங்க" என்றேன். ஒருவன் திரும்பி, "அம்மணி, இது ஆம்பளைங்க இடம்" என்றான். "தெரியும்டா, அதுக்குள்ள எங்கப்பன் இருக்கான். பொத்தானப் போட்டுக்கிட்டு ஓடு" என்றேன். ஓடினான். இன்னொருவன் பொத்தான்கூடப் போடவில்லை.

பையில் கடப்பாரை கொண்டுபோகவில்லை. அப்பாவின் வட்டைத்தான் கொண்டுபோயிருந்தேன். அதன் விளிம்பால் கொத்தினேன். இரும்பு நல்ல இரும்பு, பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்தது. எலியோதோரோ ஓடிவந்து, "யம்மா, யம்மா" என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றார். ஒரு அதட்டல் போட்டேன், போய் வாளி கொண்டுவந்தார். ஆட வந்திருந்தவர்கள் பீர் பாட்டிலோடு வேடிக்கை பார்த்தார்கள். ஏன் என்று கேட்டார்கள். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். யார் கலந்தது, எதற்காகக் கலந்தது, நடுவர் கேட்டபோது யார் "தெரியாது" என்றது, எல்லாம். கோப்பையை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று இனி நீங்கள் எல் பினார்காரர்களோடு பேசிக்கொள்ளுங்கள்.

பூச்சின் முன்பக்கத்தை ஒரு விரல் கனம் சுரண்டிச் சாக்கடையில் எறிந்தேன். அதில் அப்பா எவ்வளவு போனார் என்று எனக்குத் தெரியாது. என்னால் அதைத் தொட முடியவில்லை, அவ்வளவுதான். மிச்சத்தை ஊறவைத்து, வைக்கோலைப் பொறுக்கி எடுத்து, உபால்தினா அம்மாளின் மாவுச் சல்லடையில் சலித்தேன். அந்தம்மாளே சல்லடையைக் கொடுத்தார், இனி அதில் மாவு சலிக்கப்போவதில்லை என்று இருவருக்கும் தெரியும். இரண்டு தடவை சமையலறைப் பக்கம் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தேன். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, பாவாடையைச் செருகிக்கொண்டு, அந்தம்மாளும் நானும் புதுக் களிமண்ணோடு சேர்த்து மிதித்தோம். முப்பது வருடம் ரொட்டி மாவு பிசைந்தவள் நான். எப்போது பதம் வரும் என்று காலுக்குத் தெரிந்தது. திங்கள் முழுக்க ஊறவிட்டோம், ஊர் திரும்பிய நீ அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. செவ்வாய்க்கிழமை காலை மூன்றாவது பெட்டியை நிரப்பினோம்.

மாடத்துக்குக் கொண்டுபோகலாம் என்றுதான் கிளம்பினேன். வாளியைத் தூக்கியபோது வாடை அடித்தது. பீரும் மூத்திரமும். அம்மா ஒவ்வொரு திங்களும் அவர் கால்சட்டையிலிருந்து துவைத்து எடுத்த அதே வாடை. செத்த பிறகும் அவள் பக்கத்தில் அதைக் கொண்டுபோய் வைப்பேனா? பாதிரியாரிடம் சொல்லிவிட்டேன், அந்த மாடம் எனக்கு. என் பெயரை எழுதச் சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு ஒரு ஆள் துணை வேண்டும், அது நானாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

அவர் கேட்ட இடம் அவருக்குக் கிடைத்துவிட்டது. ஆகட்டும் என்று நானும் சொன்னேன் அல்லவா. எந்த மனதோடு சொன்னேன் என்பது எனக்குத் தெரியும், ஆனால் அவர் அதை நம்பித்தானே கண்ணை மூடினார். இப்போதும் அந்த இடம் எனக்கு அருவருப்புதான். உன்மேலும் அருவருப்புதான். அதை மறைத்து எழுத எனக்கு வராது.

பெட்டியை நிரப்பி முடித்ததும் உபால்தினா அம்மாள் கேட்டார்: "மண்ணு ஒட்டுதான்னு பாக்க வேணாமா?" ஆண்கள் யாரும் இல்லை. கோட்டில் போய் நின்று அப்பாவின் வட்டை எறிந்தேன். வாழ்க்கையில் முதல் தடவை. வளையத்தில் படவில்லை, வெடிக்கவில்லை, ஒரு ஓரமாகப் போய் விழுந்தது.

ஆனால் ஒட்டிக்கொண்டது. விளிம்புவரை உள்ளே போய்விட்டது.

நான் எடுக்கவில்லை. அதை அப்படியே விட்டு மேலே ஈரச் சாக்கைப் போட்டு மூடச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். எலியோதோரோ தொடமாட்டார், வேறு யாரும் தொடமாட்டார்கள். உபால்தினா அம்மாள் பார்த்துக்கொள்வார். நான்கு வருடமாக என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாயே, அந்த வட்டு இனி உன்னுடையது. போய் எடுத்துக்கொள். மண்வெட்டி, குச்சி எதையும் கொண்டுபோகாதே. கையை உள்ளே விட்டுத்தான் எடுக்க வேண்டும்.

ரோசெண்டா